ஆறு நாவல்கள், எண்பது வாசகர் வட்டங்கள்

ஜேன் ஆஸ்டின் எழுதி முடித்த நாவல்கள் ஆறுதான். முதல் நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ 1811இல் வந்தது. 1817 ஜூலை 18 அன்று இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் 41 வயதில் அவர் இறந்தபோது நான்கு நாவல்கள் வெளிவந்திருந்தன. மற்ற இரண்டையும் அண்ணன் ஹென்றி அதே ஆண்டு டிசம்பரில் வெளிக்கொண்டு வந்தார். உயிரோடு இருந்தவரை ஒரு நாவலிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. முதல் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் இருந்தது.

இன்று வட அமெரிக்க ஜேன் ஆஸ்டின் சங்கத்துக்கு 5,000க்கு மேல் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 80க்கு மேற்பட்ட வட்டாரக் குழுக்கள் இயங்குகின்றன. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான், ஜப்பான் என்று தனித்தனிச் சங்கங்களும் உண்டு. எந்தச் சங்கத்திலும் சேராமல், நூலகத்தில் ஒரு அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு கூடுகிறவர்களை யாராலும் எண்ண முடியாது.

இதைக் கேட்டதும் ஒரு கேள்வி வரும். மாதம் ஒரு நாவல் என்று வைத்தாலும் அரை வருடத்தில் ஆறும் முடிந்துவிடும். அப்புறம் என்ன பேசுவார்கள்? சாதாரண வாசிப்புக் குழுவுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மாதம் ஒரு புதுப் புத்தகம், முடிந்ததும் அடுத்தது. ஒரே எழுத்தாளருக்கென்று தொடங்கிய குழு, அதுவும் இவ்வளவு குறைவாக எழுதியவருக்கான குழு, பத்து முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது எப்படி?

இந்தக் குழுக்கள் கூடுவது மறுபடி படிப்பதற்காக என்பதுதான் என் பதில். புதிதாகப் படிப்பதற்கான குழுவாக இருந்தால் ஏழாவது மாதமே கலைந்திருக்கும். ஆஸ்டினின் நாவல்கள் இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது வாசிப்பில்தான் தங்களை முழுசாகக் காட்டுகின்றன. அந்த வாசிப்பைத் தனியாகச் செய்வதைவிடப் பத்துப் பேரோடு செய்தால் கிடைப்பது மிக அதிகம். ஆஸ்டினே தன் புத்தகங்களைப் பலர் கூடியிருந்த அறைகளில்தான் படித்தார், படிக்கக் கேட்டார். அதனால் இந்தக் குழுக்களைப் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட ரசிகர் மன்றங்களாக நான் பார்க்கவில்லை. அந்த நாவல்கள் முதன்முதலில் படிக்கப்பட்ட விதமே இப்படித்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1809 முதல் ஆஸ்டின் தன் அம்மாவோடும் அக்கா கசாண்ட்ராவோடும் தோழி மார்த்தா லாய்டோடும் ஹாம்ப்ஷயரில் சாட்டன் என்ற சிற்றூரில் இருந்தார். அங்கே ஒரு புத்தகச் சங்கம் இருந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சந்தா போட்டுப் புத்தகம் வாங்கி, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள். அந்தக் காலத்தில் புத்தகம் ரொம்ப விலை. மூன்று பாகமாக வந்த ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் விலை 18 ஷில்லிங். ஒரு பண்ணைத் தொழிலாளியின் வாரக் கூலியைவிட அது அதிகம். ஓரளவு வசதியான குடும்பங்களுக்கும் கூட்டாக வாங்கினால்தான் கட்டுப்படியாகும்.

1813 ஜனவரி 24 அன்று அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சங்கத்தைப் பற்றி ஆஸ்டின் பெருமையடித்துக்கொள்கிறார். பக்கத்து வட்டாரத்துப் பெண்கள் சிலர் நம்முடையதைப் போலவே ஒன்று தொடங்க ஆசைப்படுகிறார்களாம், தான் பிறந்த ஊரான ஸ்டீவன்டன் பக்கத்துச் சங்கத்தைவிட நம்முடையது உசத்தி என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்கிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சங்கத்தின் வழியாக வந்த ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாராம். பாஸ்லி என்ற ராணுவப் பொறியாளர் பிரிட்டிஷ் பேரரசின் படைக் கொள்கை பற்றி எழுதியது. வேண்டாம் என்று முதலில் எதிர்ப்புத் தெரிவித்தாராம். படித்துப் பார்த்தால் அருமையாக எழுதப்பட்டிருக்கிறது என்கிறார். தான் ஒருபோதும் தேர்ந்தெடுக்காத புத்தகம் பிறர் தேர்வால் கைக்கு வந்து, எதிர்பாராமல் பிடித்துப்போவது வாசிப்புக் குழுவில் இருந்தவர்கள் எல்லாருக்கும் பழகிய அனுபவம்.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 27 அன்று, ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ பிரதி லண்டனிலிருந்து வந்து சேர்ந்தது. அன்றைக்கு அந்த வீட்டுக்கு மிஸ் பென் என்ற பெண்மணி சாப்பிட வந்திருந்தார். அதே ஊர்க்காரர், மணமாகாதவர், வசதியில்லாதவர். அன்று மாலையே முதல் பாகத்தில் பாதியை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார்கள். எழுதியவர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. நாயகி எலிசபெத்தை அவருக்குப் பிடித்துவிட்டது என்று ஆஸ்டின் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அடுத்த மாலை வாசிப்பு அவ்வளவு சரியாக அமையவில்லை. அம்மா வேகமாகப் படித்துக்கொண்டே போகிறார், பாத்திரங்களை நன்றாகப் புரிந்துகொண்டாலும் அவர்கள் பேசவேண்டிய மாதிரி அவருக்குப் பேச வரவில்லை என்று பிப்ரவரி 4 தேதியிட்ட கடிதத்தில் குறைப்படுகிறார். தன் உரையாடல்கள் காதில் எப்படி விழுகின்றன என்பதில் அவருக்கு அத்தனை அக்கறை. இன்றைய குழுக்களில் பலவும் கூட்டத்தின் நடுவே ஒரு பகுதியை ஆளுக்கொரு பாத்திரமாக எடுத்துப் படிப்பதை நான் வெறும் பொழுதுபோக்காக நினைக்காததற்குக் காரணம் இந்தக் கடிதம்தான்.

அதோடு நிற்கவில்லை அவர். ‘மேன்ஸ்ஃபீல்டு பார்க்’ 1814இலும், ‘எம்மா’ 1815 டிசம்பரிலும் வந்தபோது, குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் நண்பர்களும் சொன்ன கருத்துகளைத் தனித்தனிப் பட்டியலாகத் தன் கையாலேயே எழுதி வைத்தார். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. படிக்கப் படிக்க ஒரு வாசிப்புக் குழுவின் கூட்டக் குறிப்பைப் பார்ப்பது போலவே இருக்கும். ‘மேன்ஸ்ஃபீல்டு பார்க்’ அம்மாவுக்கு முந்தைய நாவல் அளவுக்குப் பிடிக்கவில்லை. நாயகி ஃபேனி சாரமற்றவள் என்பது அவர் கருத்து. ஆனால் அந்தப் பொல்லாத பெரியம்மா மிஸஸ் நாரிஸை ரசித்தாராம். அண்ணன் மகன்களில் ஒருவனுக்கு ஃபேனியைப் பிடித்தது, இன்னொருவனுக்குப் பிடிக்கவில்லை. முதல் இரண்டு நாவல்களும் சுத்த அபத்தம் என்று நினைத்த ஒரு அம்மையார், மூன்றாவதில் முதல் பாகத்தை முடித்துவிட்டதால் மோசமான கட்டத்தைத் தாண்டியாயிற்று என்று ஆறுதல் அடைந்தாராம். ‘எம்மா’ சுவாரசியமாக இல்லை என்று யாரோ சொல்லக் கேட்ட ஒருவர் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தாராம். இத்தனையையும் ஆஸ்டின் எழுதி வைத்திருக்கிறார், ஒன்றுக்கும் பதில் சொல்லாமல்.

ஃபேனியைப் பற்றிய அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. எந்த ஊர்க் குழுவிலும் ‘மேன்ஸ்ஃபீல்டு பார்க்’ எடுத்தால் அறை இரண்டாகப் பிரியும். வாயைத் திறக்காத, எப்போதும் சரியாகவே நடக்கிற ஒருத்தியை எப்படி நாயகியாக ஏற்பது என்று ஒரு தரப்பு கேட்கும். பத்து வயதில் இன்னொரு பணக்காரப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டு, குளிருக்கு நெருப்புகூட மறுக்கப்பட்ட அறையில் வளர்ந்தவள், அந்த வீட்டுத் தலைவரே வற்புறுத்தியும் பிடிக்காத திருமணத்துக்கு முடியாது என்று சொன்னதைவிட வேறென்ன துணிச்சல் வேண்டும் என்று மறு தரப்பு கேட்கும்.

1993க்குப் பிறகு இந்த விவாதத்தில் இன்னொரு கனமான விஷயம் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு எட்வர்ட் சைத் என்ற விமர்சகர், அந்த வீட்டின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஆண்டிகுவாவிலுள்ள தோட்டத்திலிருந்தும் வருகிறது, அதை உழைத்துக் கொடுத்தவர்கள் அடிமைகள் என்பதை முன்னால் எடுத்து வைத்தார். நாவலில் ஃபேனி அடிமை வணிகம் பற்றிப் பெரியப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். அதற்குப் பின் வீட்டில் நிலவியது மயான அமைதி என்று அவளே பிறகு சொல்கிறாள். அந்த மௌனம் யாருடையது? பெரியப்பா பதில் சொன்னாரா, மற்ற பிள்ளைகள்தான் சுவாரசியமில்லாமல் இருந்தார்களா? சில வரிகள்தான். ஒரு மாலை முழுவதும் போதாது. தனியாகப் படிப்பவர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விட வாய்ப்பு அதிகம். குழுவில் யாராவது ஒருவர் நிறுத்திவிடுவார்.

மறுவாசிப்புக்கு மிகப் பொருத்தமான நாவல் என்றால் ‘எம்மா’. கதை எம்மாவின் பார்வையிலேயே போகும். அவள் தவறாகப் புரிந்துகொள்வதையெல்லாம் கதைசொல்லியின் குரலிலேயே நாமும் உண்மை என்று வாங்கிக்கொள்வோம். முதல் முறை படிக்கும்போது அவளோடு சேர்ந்து ஏமாறுவோம். ஃபிராங்க் சர்ச்சில் என்ற இளைஞனுக்கும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஏழைப் பெண்ணுக்கும் ரகசியமாகத் திருமணம் நிச்சயமாகியிருப்பது கடைசிப் பாகத்தில்தான் வெளிவரும். இரண்டாவது முறை படித்தால் தெரியும், அது ஆரம்பத்திலிருந்தே நம் கண்முன் கிடந்திருக்கிறது.

ஃபிராங்க் முடி வெட்டிக்கொள்வதற்காக என்று சொல்லிப் பதினாறு மைல் தள்ளியுள்ள லண்டனுக்குக் குதிரை வண்டியில் போய்வருகிறான். ஊரே அவனை வீண்பகட்டுக்காரன் என்கிறது. சில நாளில் ஜேன் இருக்கும் வீட்டுக்கு, யார் அனுப்பியது என்று தெரியாமல், லண்டன் பிராட்வுட் கடையிலிருந்து ஒரு பியானோ வந்து இறங்குகிறது. இன்னொரு காட்சியில் மற்றவர்கள் அறைக்குள் நுழையும்போது, ஜேனின் பாட்டி நெருப்போரம் தூங்குகிறாள், ஃபிராங்க் அவளுடைய மூக்குக்கண்ணாடியின் ஆணியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருக்கிறான், ஜேன் அவனுக்கு முதுகு காட்டியபடி பியானோவைப் பார்த்து நிற்கிறாள். ஒரு சின்ன ஆணியை முடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று குழுவில் ஒருவர் கேட்டால் போதும், அந்த அறையில் ஒரு நிமிடம் முன்பு என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இதைவிட நுணுக்கமானது மிஸ் பேட்ஸின் பேச்சு. ஜேனின் பெரியம்மாவான அவர், மூச்சுவிடாமல் பேசுகிற, யாரும் காது கொடுக்காத நடுத்தர வயதுப் பெண். எம்மாவைப் போல வாசகரும் அவர் பேச்சு வரும் பக்கங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம். ஊர் மருத்துவர் பெர்ரி சொந்த வண்டி வாங்கப்போவதாக ஒரு திட்டம் இருந்தது. அது ஃபிராங்குக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கட்டத்தில் பேச்சு வருகிறது. கடிதத்தில் நீங்கள்தானே எழுதினீர்கள் என்று தன் சிற்றன்னை மிஸஸ் வெஸ்டனிடம் கேட்கிறான். நான் எழுதவே இல்லை என்கிறார் அவர். கனவில் கண்டிருப்பேன் என்று சமாளிக்கிறான். அப்போது மிஸ் பேட்ஸ் குறுக்கே புகுந்து, அந்தத் திட்டம் தங்கள் வீட்டுக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்ததை வளவளவென்று சொல்கிறார். ஜேனுக்கும் தெரியும் என்பது அதில் இருக்கிறது. ஜேன் கடிதம் எழுதித்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்ற ரகசியம் அந்த வளவளப்புக்குள் அப்படியே கிடக்கிறது, யாரும் எடுப்பதில்லை. எம்மாவின் குடும்ப நண்பர் நைட்லி ஒருவர்தான் சந்தேகப்படுகிறார். தன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்ற நிலையிலிருக்கும் ஒரு பெண்ணிடம் உண்மையைக் கொடுத்து வைத்திருக்கிறார் ஆஸ்டின். இருபது ஆண்டு குழுவில் இருந்தவர்களும் இன்னும் ஒரு துப்பு கிடைத்தது என்று வந்து சொல்வது இந்த நாவலில்தான்.

குழுக்கள் எப்படி உருவாயின என்ற வரலாறு இதற்கு நடுவே கொஞ்சம் தேவைப்படுகிறது. ஆஸ்டின் இறந்து அரை நூற்றாண்டுவரை அவருக்குப் பெரிய வாசகக் கூட்டம் கிடையாது. அவருடைய அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டின் லீ 1869 இறுதியில் வெளியிட்ட வாழ்க்கை வரலாறுதான் நிலைமையை மாற்றியது. வின்செஸ்டர் பேராலயத்தில் பணியாளர் ஒருவர், அந்த அம்மாளிடம் என்ன விசேஷம், இத்தனை பேர் கல்லறை எங்கே என்று கேட்கிறார்களே என்று வியந்ததை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கல்லறைக் கல்லில் நாவல் என்ற பேச்சே இல்லை.

ஆஸ்டின் ரசிகர்களைக் குறிக்கும் ‘ஜேனைட்’ என்ற பட்டத்தை 1894இல் ஜார்ஜ் செயிண்ட்ஸ்பரி என்ற பேராசிரியர் ஒரு முன்னுரையில் உருவாக்கினார். அப்போது அதைப் பெருமையோடு சூடிக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பேராசிரியர்கள், பதிப்பாளர்கள், எழுத்தாளர்கள். 1924இல் ருட்யார்ட் கிப்ளிங் அதே பெயரைத் தலைப்பாக வைத்து ஒரு சிறுகதை எழுதினார். முதல் உலகப் போரின் பீரங்கிப் படையில் ஆஸ்டினைப் படித்தவர்கள் ஒரு ரகசியச் சங்கம் போல இயங்குகிறார்கள். அதிகம் படிக்காத ஒரு சிப்பாய் பீரங்கிகளுக்கு அவருடைய பாத்திரங்களின் பெயரை எழுதி வைக்கிறான். கிப்ளிங்கின் ஒரே மகன் 1915இல் போர்முனையில் இறந்துவிட்டான். 1917இல் கிப்ளிங் தன் மனைவிக்கும் மகளுக்கும் வீட்டில் ஆஸ்டினை வாய்விட்டுப் படித்துக் காட்டியதாக மனைவியின் நாட்குறிப்பு சொல்கிறது. துக்கத்திலிருந்த குடும்பம் கூடி உட்கார்ந்து படித்த அந்த வாசிப்பிலிருந்துதான் கதை வந்தது என்று நம்ப எனக்குத் தயக்கமில்லை.

முறையான சங்கமும் போர்க்காலத்தில்தான் பிறந்தது. சாட்டனில் ஆஸ்டின் வாழ்ந்த வீடு பல குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அங்கிருந்த கணப்பின் இரும்புத் தட்டு வெளியே தூக்கிப் போடப்பட்டுக் கிடப்பதை டாரத்தி டார்னெல் என்ற பெண்மணி கண்டார். அந்த வீட்டையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1940 மே மாதம் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த நேரம் அது. போர் முடிந்த பிறகு எட்வர்ட் கார்பென்டர் என்ற லண்டன் வழக்கறிஞர், 1944இல் இத்தாலியில் போரில் இறந்த தன் மகனின் நினைவாக அந்த வீட்டை வாங்கிக் கொடுத்தார். 1949இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

அந்த ஆண்டுச் சாட்டன் கூட்டத்தில் நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சங்கத்தார் இன்னும் சொல்வார்கள். ஆஸ்டினின் ஒரு கற்றை முடி ஏலத்தில் போய், அதை யாரோ அமெரிக்கர் வாங்கிவிட்டார் என்று கார்பென்டர் வருத்தப்பட்டார். கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி எழுந்து, அந்த அமெரிக்கர் நான்தான், சங்கத்துக்கு வேண்டுமென்றால் கொடுத்துவிடுகிறேன் என்றார். பால்டிமோரைச் சேர்ந்த ஆல்பர்ட்டா பர்க் அவர். வாழ்நாள் முழுவதும் ஆஸ்டின் பதிப்புகளையும் கடிதங்களையும் சேகரித்தவர். சேகரிப்பின் பெரும்பகுதி அவர் இறந்தபின் தான் படித்த கௌச்சர் கல்லூரிக்குப் போனது. அவருடைய கணவர் ஹென்றி பர்க், ஆஸ்டின் குடும்ப வழியில் வந்த ஜோன் ஆஸ்டின் லீ, நியூயார்க் பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியராக இருந்த டேவிட் கிரே ஆகிய மூவரும் சேர்ந்து 1979இல் வட அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த அக்டோபரில் நியூயார்க் கிராமர்சி பார்க் ஹோட்டலில் நடந்த முதல் விருந்துக்குச் சுமார் நூறு பேர் வந்தார்கள்.

நிறுவியவர்களில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சங்கத்தின் அமைப்பே அதைச் சார்ந்து இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு நகரத்தில் பொதுக் கூட்டம் நடக்கும், அந்த நகரத்து வட்டாரக் குழுதான் பொறுப்பேற்று நடத்தும். பேராசிரியரும் ஓய்வுபெற்ற செவிலியரும் ஒரே மேடையில் கட்டுரை வாசிக்கலாம். ‘பெர்சுவேஷன்ஸ்’ என்ற ஆண்டிதழ் இருக்கிறது. அதன் இணைய இதழை 1999 முதல் யாரும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் சங்கத்தின் உயிர் இருப்பது வட்டாரக் குழுவில்தான். நூலக அறையிலோ உறுப்பினர் வீட்டிலோ மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ கூடுகிறார்கள். டிசம்பர் 16 பிறந்தநாளை ஒட்டித் தேநீர் விருந்து. நடுவே ஒரு விநாடி வினா, ஒரு சிறு உரை, மீதி நேரம் நாவல்.

இந்தக் குழுக்களில் பேசப்படும் விஷயங்கள் நாவலைச் சுற்றி எவ்வளவு தூரம் போகின்றன என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாயகன் டார்சிக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானம் என்றால் அவருடைய மொத்தச் சொத்து எவ்வளவு? காலின்ஸ் திருமணம் பேச வந்த இடத்தில், உனக்கு வரப்போவது நான்கு சதவீத வட்டியில் கிடக்கும் ஆயிரம் பவுண்டுதானே என்று எலிசபெத்திடம் சொல்கிறாரே, அப்படியானால் அவள் ஆண்டுக்கு 40 பவுண்டில் வாழ வேண்டியிருந்திருக்கும். கணக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இதைச் சொன்னதும் அந்தச் சிரிப்புக் காட்சி வேறு மாதிரி தெரியும். சொத்து ஆண் வாரிசுக்கு மட்டும் என்ற சட்ட ஏற்பாட்டை ஒரு வழக்கறிஞர் விளக்குவார். ‘பெர்சுவேஷன்’ எடுத்தால் கப்பற்படையில் எதிரிக் கப்பலைப் பிடித்தவர்களுக்குப் பரிசுப் பணம் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பது வரும். ஆஸ்டினின் இரண்டு சகோதரர்கள் கப்பற்படையில் இருந்தவர்கள். தம்பி சார்லஸ் கடற்படைத் தளபதியாகி 1852இல் பர்மாவில் போர்ப் பணியின்போது நோயில் இறந்தார். அவருடைய கல்லறை இருப்பது நம் திருகோணமலையில்.

நம் கரைக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. ஆஸ்டினின் அத்தை, அதாவது அப்பாவின் கூடப்பிறந்த ஃபிலடெல்ஃபியா, வசதியில்லாத பெண். மாப்பிள்ளை தேடி 1752இல் சென்னைக்குக் கப்பலேறி வந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் கடலூரில், புனித டேவிட் கோட்டையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஹான்காக் என்பவரை மணந்தார். வரதட்சணைக்குப் பணமில்லாத பெண்களை இப்படி இந்தியாவுக்கு அனுப்புவதை ஆஸ்டின் தன் பதினாறு வயதில் எழுதிப் பாதியில் விட்ட ஒரு கதையில் கசப்போடு தொட்டிருக்கிறார். திருமணச் சந்தையைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் வரவேற்பறைக் கற்பனை என்று நினைப்பவர்கள் இந்தக் கடலூர்த் திருமணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்டினை நம்மூர்ச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்து ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ எடுத்தது 2000இல்தான். அவருடைய குடும்பமோ 250 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து போயிருக்கிறது.

சரி, இந்தக் குழுக்கள் மீது விமர்சனமே இல்லையா? உண்டு, பழையது. சங்கம் தொடங்கிய அதே 1940இல் டி. டபிள்யூ. ஹார்டிங் என்ற உளவியல் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆஸ்டின் யாரை உள்ளுக்குள் வெறுத்தாரோ அதே மாதிரி ஆட்கள்தான் அவரை ரசித்துப் படிக்கிறார்கள் என்பது அதன் மையக் குற்றச்சாட்டு. அமைதியான கிராமம், நாசூக்கான நகைச்சுவை என்று ஆறுதலுக்காகப் படிப்பவர்கள், அந்த எழுத்துக்குள் இருக்கும் கோபத்தைக் காண்பதில்லை என்றார். 1995இல் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ பிபிசி தொடராக வந்தபிறகு இந்தக் கவலை இன்னும் கூடியது. பழங்கால கவுன், தொப்பி, நடன விருந்து, டார்சி படம் போட்ட கோப்பை என்று ஒரு சந்தையே கிளம்பிவிட்டது.

ஹார்டிங் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவர் கட்டுரையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உண்மையைக் கண்டுபிடிக்க ஏற்ற இடம் குழுதான் என்பதே என் எண்ணம். தனியாகப் படிப்பவருக்குத் தன் ஆறுதலைக் கலைக்க ஆளில்லை. பத்துப் பேர் இருக்கும் அறையில் ஒருவருக்காவது அந்தக் கோபம் காதில் விழும். பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில் எம்மா மிஸ் பேட்ஸைக் கேலி செய்து சொல்லும் அந்த ஒற்றை வாக்கியத்துக்கு ஒருவர் சிரிப்பார், பக்கத்திலிருப்பவர் முகம் சுருங்கும். அங்கேயே பேச்சு தொடங்கிவிடும். கவுன் போட்டு ஆடுவதிலும் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கால நடனத்தை ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான், ஒரு ஜோடிக்கு அரை மணி நேரம் பெரியவர்கள் கண்முன்னே அருகருகே நின்று பேசக் கிடைத்த அபூர்வ வாய்ப்பு அது என்பது உடம்போடு புரிகிறது.

எழுத்தை நெருங்கிப் படித்தவர்கள் ஊரில் இருப்பதன் பயன் 2017இல் நன்றாகத் தெரிந்தது. அந்த ஆண்டு இங்கிலாந்து வங்கி ஆஸ்டின் படம் போட்ட பத்து பவுண்டு நோட்டை வெளியிட்டது. அதில் ஒரு மேற்கோள்: வாசிப்பைப் போல இன்பம் வேறில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். அழகான வரிதான். ஆனால் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் அதைச் சொல்பவள் கரோலின் பிங்லி. டார்சியைக் கவர்வதற்காக, அவன் படிக்கும் புத்தகத்தின் இரண்டாம் பாகம் என்பதாலேயே ஒன்றைக் கையில் எடுத்து, படிக்க முடியாமல் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறாள். இந்த நோட்டின் வடிவம் 2013இல் அறிவிக்கப்பட்டதுமே உலகம் முழுதும் இருந்த ஆஸ்டின் வாசகர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். யார், எந்தச் சூழலில், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்கப் பழகியவர்கள் அவர்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் பல குழுக்கள் திரைக்கு இடம் மாறின. அதனால் தொலைவிலிருப்பவர்களும் சேர்ந்தார்கள். சில குழுக்கள் இன்னும் இரண்டு வழியிலும் நடக்கின்றன. 2025 டிசம்பரில் ஆஸ்டின் பிறந்து 250 ஆண்டு நிறைந்ததை ஒட்டிப் புதிதாகப் படிக்க வந்தவர்களும் நிறைய.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, அந்த நாவல்கள் முதலில் வந்த வடிவமே நல்ல திட்டமாக இருக்கும் என்பேன். பெரும்பாலானவை மூன்று பாகங்களாக வந்தவை. இன்றைய பதிப்புகளில் அத்தியாயங்களுக்கு ஒரே தொடர் எண் போட்டுவிடுவதால் அந்தப் பிரிவு மறைந்து போயிருக்கும். ‘எம்மா’வுக்கு 55 அத்தியாயங்கள். முதல் பாகம் 18இல் முடிகிறது, இரண்டாவது 36இல். மாதம் ஒரு பாகம் என்று ஐந்தாறு பேர் வைத்துக்கொண்டால் மூன்று மாதம். ஏற்கெனவே படித்தவர் குழுவில் இருந்தால், ஃபிராங்க் சர்ச்சிலின் ரகசியத்தை மூன்றாவது கூட்டம்வரை வாயைத் திறந்து சொல்லிவிடக் கூடாது. முடித்ததும் ஆளுக்கு ஒரு வரிக் கருத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நான்காவது மாதம் மறுபடி முதல் அத்தியாயம், இந்த முறை மிஸ் பேட்ஸ் பேசும் பக்கங்களில் ஒன்றைக்கூட விடாமல்.